அலி – டைசன் மோதியிருந்தால்? (எந்த வருடத்து அலி, எந்த வருடத்து டைசன் என்று சொல்லிவிட்டுப் பேசவும்)

#1 யூனிட்3காரன் (சாட்ஸ்வொர்த், டர்பன்)

போன ஞாயிறு மச்சான் வீட்டில் பிராய் (வெளியே நெருப்பு மூட்டிக் கறி சுடுவது). ஆட்டுச் சாப்ஸ் வேகும் முன்பே நெருப்பைச் சுற்றி நின்றவர்கள் இரண்டு கட்சியாகிவிட்டோம். மச்சான் கட்சி: அந்தக் காலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் ராக்கி மார்சியானோ இன்றைக்கு இருந்தால் டைசன் ஃபியூரியை ஆறு ரவுண்டில் படுக்க வைத்துவிடுவார். ஏன்? 49 சண்டை, 49 வெற்றி, அதில் 43 நாக் அவுட். என் கட்சி: ஃபியூரியின் தாடையைத் தொடவே மார்சியானோவுக்கு ஏணி வேண்டும். பேச்சு அங்கிருந்து முகமது அலிக்கும் மைக் டைசனுக்கும் தாவியது. கடைசியில் அக்கா வந்து, "செத்துப்போனவங்க சண்டையை அப்புறம் தீர்க்கலாம், கறி கருகுது, திருப்பிப் போடுங்க" என்று சொன்ன பிறகுதான் நின்றது.

வீட்டுக்கு வந்தும் மனசு அடங்கவில்லை. அதனால் இங்கே கொண்டுவருகிறேன். நான்கு சண்டை:

1966 அலி எதிர் 1988 டைசன். 1938 ஜோ லூயிஸ் எதிர் 2024 உசிக். மார்சியானோ எதிர் ஃபியூரி (மச்சானுக்காக). நம்ம தென்னாப்பிரிக்காக் கணக்கில் ஒன்று: கெரி கூட்சி எதிர் கோரி சாண்டர்ஸ்.

யார் ஜெயிப்பார் என்று மட்டும் எழுதிவிட்டு ஓடிவிடாதீர்கள், எப்படி என்றும் எழுதுங்கள். எடையைக் கிலோவில் சொல்லுங்கள். பவுண்டு கணக்குப் போட்டுப் போட்டுத் தலை வலிக்கிறது.

#2 இடதுகைக்காரன் (பிரிட்டோரியா)

சாண்டர்ஸ். நான்கு கேள்விக்கும் சாண்டர்ஸ்.

#3 ராயபுரத்தான் (மிட்ராண்ட்)

நான் வேலைக்காக இங்கே வந்து ஏழு வருடம் ஆகிறது. பிறந்தது வடசென்னை. எங்கள் பக்கம் குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்த ஊர். 1980ல் அலி மெட்ராஸ் வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டபோது அப்பா கூட்டத்தில் நின்று பார்த்தார். அதனால் நான் நடுநிலை இல்லை. அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

1966 என்று வருடம் குறித்தது நல்லது. அந்த நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றாவது ரவுண்டில் முடித்தாரே, அந்த அலி வேறு ஆள். 1967ல் பட்டத்தையும் லைசன்ஸையும் பிடுங்கினார்கள். 1970 கடைசியில்தான் திரும்பி வந்தார். வந்தவர் அடி வாங்கத் தெரிந்த அலி. போனவர் அடியே படாத அலி. 1.91 மீட்டர் உயரம், 96 கிலோ, அந்தக் கால். ரிங்கில் வட்டம் போட்டபடியே ஜாப் (முன்னால் நீட்டிய கையின் நேர்குத்து) வரும், அது முடியும்போது ஆள் அங்கே இருக்கமாட்டார்.

டைசன் 1.78 மீட்டர், 99 கிலோ. எடையில் வித்தியாசமே இல்லை, பார்த்தீர்களா? கை நீளத்தில்தான் பதினெட்டு சென்டிமீட்டர் வித்தியாசம். 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 விநாடியில் முடித்த டைசனை யாரும் லேசாகப் பேச முடியாது. தலையை ஆட்டிக்கொண்டே ஜாபுக்குக் கீழே நுழைந்து, உடம்பில் ஒன்று, தாடையில் ஒன்று. அலிக்கு எமன் என்று ஒரு குத்து உண்டென்றால் அது இடது ஹுக், பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்து. 1963ல் ஹென்றி கூப்பர் அதில்தான் சாய்த்தார், 1971ல் ஜோ ஃபிரேசியர் 15வது ரவுண்டில் அதில்தான் மல்லாத்தினார். டைசனின் இடது ஹுக் அந்த இரண்டுக்கும் அண்ணன்.

ஆனால் இரண்டு தடவையும் அலி எழுந்தார். டைசன் பக்கம் பாருங்கள்: 1986ல் டில்லிஸ் பத்து ரவுண்டு தாக்குப்பிடித்தார். 1987ல் 'போன்கிரஷர்' ஸ்மித் பன்னிரண்டு ரவுண்டும் கட்டிப்பிடித்தே ஓட்டினார். டக்கரும் பன்னிரண்டு. கட்டிப்பிடித்தால் டைசனுக்கு அடுத்த வழி தெரியாது. கிட்ட வந்தவன் கழுத்தைப் பிடித்துக் கீழே அமுக்குவதில் அலியைப் போல் கெட்டிக்காரர் கிடையாது. 1974 ஜனவரியில் ஃபிரேசியரை இரண்டாம் தடவை சந்தித்தபோது அந்த வேலையைத்தான் ராத்திரி முழுக்கச் செய்தார். முதல் நான்கு ரவுண்டு டைசனுக்கு. அதற்குள் முடியவில்லை என்றால் அலி, பத்தாவது ரவுண்டு வாக்கில்.

#4 ஸ்டேங்கர் அக்கா

நான் பிசியோதெரபிஸ்ட். குத்துச்சண்டை பார்ப்பது என் கணவர் செய்த பாவம். மார்சியானோ கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

மார்சியானோ சண்டை போட்ட எடை 85 கிலோ. 2021ல் வைல்டரோடு மோதியபோது ஃபியூரி 125 கிலோவுக்கு மேல். நாற்பது கிலோ வித்தியாசம் என்றால் 10 கிலோ அரிசிப் பை நான்கு. அடியை விடுங்கள். ஃபியூரி அந்த எடையை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பாருங்கள். கிட்ட வந்தவர் கழுத்தில் முன்கையைப் போட்டு, மார்பைச் சாய்த்து, மொத்த பாரத்தையும் இறக்கிவிடுவார். 2020ல் வைல்டர் கால் தள்ளாடியதற்குக் குத்து பாதி, இந்தச் சாய்வு மீதி. கழுத்துத் தசையும் தொடையும் அந்தப் பாரத்தைத் தாங்கியே களைத்துப்போகும். ஒவ்வொரு தடவை உள்ளே நுழையும்போதும் அரிசிப் பை நான்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெளியே வரவேண்டும். மார்சியானோ உள்ளே நுழைந்தே ஆகவேண்டியவர். வேறு விதமாகச் சண்டை போட அவருக்குத் தெரியாது.

தம்பி சொன்ன ஏணி சரிதான். ஆனால் ஏணியில் ஏறினாலும் மேலே ஒருவர் உட்கார்ந்துவிடுவார்.

#5 பிராய் மாஸ்டர் (சாட்ஸ்வொர்த்)

அந்த மச்சான் நான்தான். என்னைப் பற்றி இழை போட்டது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. கறி கருகவில்லை, ஓரம்தான் கொஞ்சம் கறுத்தது.

அக்கா, உங்கள் அரிசிக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1919ல் டெம்ப்சி 85 கிலோ, வில்லார்டு 111 கிலோ. வில்லார்டு முதல் ரவுண்டிலேயே ஏழு தடவை விழுந்தார். 1935ல் ஜோ லூயிஸ் 90 கிலோ சுமாருக்கு இருந்துகொண்டு 118 கிலோ கார்னேராவை ஆறாவது ரவுண்டில் முடித்தார். பழைய கதை வேண்டாமா? 2024 டிசம்பரில் ரியாத்தில் உசிக் 102 கிலோ, ஃபியூரி 127 கிலோ. மூன்று நடுவர்களும் 116–112 என்று உசிக் கையைத் தூக்கினார்கள். அங்கே அரிசிப் பை எங்கே போயிற்று?

#6 ஸ்டேங்கர் அக்கா

உசிக் 1.91 மீட்டர், மார்சியானோ 1.79. உசிக் வெளியிலிருந்தே குத்தமுடியும், பக்கவாட்டில் நழுவவும் முடியும். மார்சியானோவுக்கு ஒரே வாசல்தான். அந்த வாசலில்தான் ஃபியூரி நிற்கிறார். கார்னேராவை ஃபியூரியோடு ஒப்பிடுவது கார்னேராவுக்கே பொறுக்காது.

#7 கணக்குப்பிள்ளை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

எல்லாரும் ஆளை அளக்கிறீர்கள். எத்தனை ரவுண்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

1952 செப்டம்பர் 23, பிலடெல்ஃபியா. மார்சியானோ பட்டம் வென்ற ராத்திரி. முதல் ரவுண்டிலேயே வால்காட் அவரைக் கீழே தள்ளினார். வாழ்க்கையில் முதல் தடவை விழுந்தார். அப்புறம் வரிசையாகப் பின்தங்கினார். மூன்று நடுவர்களின் தாளிலும் வால்காட்தான் முன்னே. 13வது ரவுண்டில் ஒரே ஒரு வலது கை, வால்காட் கயிற்றில் தொங்கினார். முடிந்தது கதை.

அப்போது பட்டச் சண்டை 15 ரவுண்டு, இப்போது 12. 1982ல் தென்கொரிய வீரர் டுக் கூ கிம் இறந்த பிறகு, பட்டம் கொடுக்கும் அமைப்புகளில் டபிள்யூ.பி.சி. முதலில் குறைத்தது, மற்ற அமைப்புகள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பின்தொடர்ந்தன. இன்றைய விதிப்படி அந்த ராத்திரி மணி 12லேயே அடித்திருக்கும். வால்காட் வெற்றி. 49–0 என்ற எண்ணே உலகத்தில் இருந்திருக்காது, மச்சானும் பிராயில் வேறு யாரையாவது தேடவேண்டியிருக்கும்.

1941ல் ஜோ லூயிஸ், பில்லி கான். கான் 12 ரவுண்டு முடிந்தபோது முன்னே இருந்தார். நாக் அவுட் வாங்கியது 13ல்.

1980 அக்டோபர், சன் சிட்டி. நம்ம கெரி கூட்சி எட்டாவது ரவுண்டில் மைக் வீவரைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டார். வீவர் எப்படியோ நின்றார். கூட்சிக்கு மூச்சு போனது. நாக் அவுட் 13ல்.

மூன்றும் 13. இதைக் கவனித்த நாளிலிருந்து 'எந்தக் காலத்து வீரர் பெரியவர்' என்று யாராவது ஆரம்பித்தால், ரவுண்டு எத்தனை என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

#8 பிராய் மாஸ்டர்

12 ரவுண்டுதான் என்று தெரிந்திருந்தால் மார்சியானோ அந்தக் குத்தைப் பதினொன்றில் குத்தியிருப்பார்.

#9 கணக்குப்பிள்ளை

இதற்குப் பதில் எழுத மூன்று தடவை முயன்றேன். முடியவில்லை. நல்ல பாயிண்ட்.

#10 பழைய ரீல் (மியர்பேங்க்)

பிள்ளைகளே, எனக்கு வயது 74. தட்டச்சு செய்வது பேத்தி. நான் சொல்லச் சொல்ல அவள் அடிக்கிறாள், தமிழ் வகுப்புக்குப் போகிறவள், பிழை இருந்தால் அவளைத் திட்டாதீர்கள்.

நீங்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள். நாங்கள் பார்க்காமலே சண்டை போட்டோம். இந்த நாட்டுக்கு டெலிவிஷன் வந்தது 1976 ஜனவரியில். 1974 அக்டோபரில் இதே ஆப்பிரிக்காவில், கின்ஷாசாவில், அலி எட்டாவது ரவுண்டில் ஃபோர்மனைச் சாய்த்தார். உலகம் பார்த்தது, நாங்கள் பேப்பரில் படித்தோம். தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் முழுச் சண்டையையும் நேரில் பார்த்ததுபோல் நடித்துக் காட்டுவார், கயிற்றில் சாய்ந்துகொள்வது எப்படி என்று தறியில் சாய்ந்து காட்டுவார். படத்தைப் பல வருடம் கழித்துப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றம்தான். அவர் நடித்தது இன்னும் நன்றாக இருந்தது.

ஆக, காலம் கடந்த சண்டை என்பது எங்களுக்குப் புதிது இல்லை. எங்களுக்கு எல்லாச் சண்டையுமே கற்பனைச் சண்டை.

ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். டெம்ப்சி, ஜாக் ஜான்சன் படங்களைப் பார்த்துவிட்டு இளம் பிள்ளைகள் சிரிக்கிறீர்கள், பொம்மை மாதிரி துள்ளுகிறார்களே என்று. அது அவர்கள் தப்பு இல்லை. அந்தக் கேமராவைக் கையால் சுற்றினார்கள், விநாடிக்குப் பதினாறு, பதினெட்டு படம்தான் ஓடும். அதைப் பிற்காலத்து மெஷினில் 24ஆக ஓட்டினால் மனுஷன் கோழி மாதிரி நடப்பான். எனக்குச் சின்ன புரொஜெக்டர் ஒன்று உண்டு, வேகத்தைக் குறைக்கும் திருகு இருக்கிறது. குறைத்து ஓட்டிப் பாருங்கள், ஜான்சன் எதிராளியின் குத்தைக் காற்றிலேயே பிடிப்பது தெரியும். குத்த வந்த கையின் புஜத்தை உள்ளங்கையால் தட்டிவிடுவார். பதற்றமே இருக்காது.

இன்னொன்று. நீங்கள் செய்யும் இந்த வேலையை 1970லேயே ஒரு கம்ப்யூட்டர் செய்துவிட்டது.

#11 யூனிட்3காரன்

தாத்தா, அந்தக் கம்ப்யூட்டர் கதையை முழுதாகச் சொல்லுங்கள். பாதியில் விட்டால் எப்படி?

#12 பழைய ரீல்

பேத்தி சாப்பிடப் போயிருந்தாள். இப்போது சொல்கிறேன்.

அமெரிக்காவில் வோரோனர் என்று ஒரு தயாரிப்பாளர். 1967ல் எல்லாக் காலத்து சாம்பியன்களின் விவரங்களையும் கம்ப்யூட்டரில் போட்டு, அது சொன்ன முடிவை ரேடியோவில் நேர்முக வர்ணனை மாதிரி ஒலிபரப்பினார். அதில் அலி ஜெஃப்ரிஸிடம் தோற்றார். ஜெஃப்ரிஸ் 1900 வாக்கில் இருந்தவர். அலிக்கு வந்ததே கோபம், பத்து லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். நடக்காத சண்டையில் தோற்றதற்கு!

அது எப்படியோ பேசி முடிந்தது. அடுத்து அலியையும் மார்சியானோவையும் நேரிலேயே ரிங்கில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். 1969. அலிக்கு லைசன்ஸ் கிடையாது, மார்சியானோ ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடம். தொப்பையைக் குறைத்து, தலையில் டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். முடிவு இருவருக்கும் தெரியாது. பல முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டார்கள். படம் பிடித்து முடித்த மூன்று வாரத்தில், ஆகஸ்ட் 31, மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் தியேட்டர்களில் ஓடியபோது மார்சியானோ நாக் அவுட்டில் ஜெயித்தார்.

எத்தனையாவது ரவுண்டு தெரியுமா, கணக்குப்பிள்ளை ஐயா? பதின்மூன்று.

#13 கணக்குப்பிள்ளை

தாத்தா, நான் இப்போது நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

#14 பிராய் மாஸ்டர்

கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது. இழையைப் பூட்டலாம்.

#15 ராயபுரத்தான்

மச்சான், அதே படத்தை வேறு நாட்டில் வேறு முடிவோடு, அலி ஜெயிப்பதாகவும் காட்டினார்கள். ஊருக்கு ஏற்ற கம்ப்யூட்டர்.

அதோடு, 'இவர் அவரை ஜெயித்தார், அவர் இவரை' என்று சங்கிலி போடுபவர்களுக்கு ஒன்று. ஃபிரேசியர் 1971ல் அலியை ஜெயித்தார். ஃபோர்மன் 1973ல் ஃபிரேசியரை ஆறு தடவை கீழே தள்ளி இரண்டே ரவுண்டில் முடித்தார். அலி 1974ல் ஃபோர்மனை முடித்தார். வாலைப் பிடித்துக்கொண்டு சுற்றும் நாய் மாதிரி.

#16 இடதுகைக்காரன்

சங்கிலி வேண்டுமா, இதோ உள்ளூர்ச் சங்கிலி. லியோன் ஸ்பிங்ஸ் 1978 பிப்ரவரியில் அலியை ஜெயித்தார். கெரி கூட்சி 1979ல் அதே ஸ்பிங்ஸை முதல் ரவுண்டிலேயே மூட்டை கட்டினார். ஆக, பாக்ஸ்பர்க்காரர் கூட்சி அலியைவிடப் பெரியவர். நிரூபணம் முடிந்தது.

#17 யூனிட்3காரன்

இடதுகை அண்ணா, விளையாட்டு போதும். சாண்டர்ஸ் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போனீர்கள். வாதம் எங்கே?

#18 இடதுகைக்காரன்

சரி. நிதானமாக எழுதுகிறேன்.

2001 ஏப்ரல் 22, ஜோகன்னஸ்பர்க் பக்கம் பிராக்பான். எனக்குப் பத்தொன்பது வயது. சித்தப்பா எங்கேயோ இரண்டு டிக்கெட் பிடித்தார், கூரையைத் தொடும் உயரத்தில் இடம். அமெரிக்க டிவிக்காக நம்ம ஊரில் விடியற்காலையில் சண்டை. லெனாக்ஸ் லூயிஸ் எதிர் ஹசிம் ரஹ்மான். (லூயிஸ் இரண்டு பேர் ஆகிவிட்டதால் இவரை லெனாக்ஸ் என்றே சொல்கிறேன்.) லெனாக்ஸ் அப்போது உலகத்தில் நம்பர் ஒன். ரஹ்மான் பெயரை எங்கள் வரிசையில் பாதிப் பேர் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரஹ்மான் பல வாரம் முன்பே இங்கே வந்து மலைக்காற்றில் ஓடிப் பழகினார். லெனாக்ஸ் லாஸ் வேகாஸில் ஒரு சினிமாவில் தலைகாட்டிவிட்டு, இரண்டு வாரம்கூட இல்லாமல் வந்து இறங்கினார். 115 கிலோ. பிராக்பான் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1600 மீட்டர். டர்பன்காரர்கள் ஜோபர்க் வந்து மாடிப்படி ஏறிப்பாருங்கள், தெரியும். நான்காவது ரவுண்டிலேயே லெனாக்ஸ் வாயைத் திறந்து மூச்சு விட்டார். ஐந்தாவதில் கயிற்றோரம் சாய்ந்து சிரித்தார். கையைத் தொங்கப் போட்டபடி சிரித்தார். ஒரு வலது கை. படுத்தவர் எழவில்லை. எங்கள் வரிசையில் ஒருவர் காப்பி வாங்கப் போயிருந்தார், திரும்பி வந்து "எந்த ரவுண்டு?" என்று கேட்டார்.

ஏழு மாதம் கழித்து நவம்பரில் லாஸ் வேகாஸில் அதே இரண்டு பேர். இந்த முறை லெனாக்ஸ் ஒழுங்காகப் பயிற்சி எடுத்து வந்தார், நான்காவது ரவுண்டில் ரஹ்மான் மல்லாந்தார்.

இப்போது சொல்லுங்கள். லெனாக்ஸ் பெரியவரா, ரஹ்மான் பெரியவரா? இருவரும் உயிரோடு, ஒரே காலத்தில், ஒரே விதியில், ஏழே மாத இடைவெளியில் மோதினார்கள். அதற்கே இரண்டு பதில். நீங்கள் எழுபது வருடத்தைத் தாண்டி ஒரே பதில் கேட்கிறீர்கள். அலியா டைசனா என்று கேட்பதைவிட, அன்றைக்கு எந்த ஊர், எத்தனை நாள் முன்பு வந்தார், சிரிப்பாரா மாட்டாரா என்று கேளுங்கள்.

அதனால்தான் சாண்டர்ஸ். 2003 மார்ச் 8, ஹனோவர். விளாடிமிர் கிளிட்ச்கோவை இரண்டு ரவுண்டுக்குள் நான்கு தடவை கீழே தள்ளினார். அந்த விளாடிமிர்தான் பிற்பாடு பத்து வருடம் ஹெவிவெயிட்டை ஆண்டவர். சாண்டர்ஸுக்குக் குத்துச்சண்டையைவிட கோல்ஃப் பிடிக்கும், பயிற்சி என்றால் கசப்பு. முழு வாழ்க்கையையும் எடுத்தால் அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. ஆனால் அந்த ராத்திரியை மட்டும் எடுத்து, அந்த இடது கையை எந்தக் காலத்து சாம்பியன் முன்னால் நிறுத்தினாலும் முதல் இரண்டு ரவுண்டு எனக்கு பயமில்லை. ஜோ லூயிஸுக்கு வலது கை சரமாரியாக வரும், ஆனால் வேகமான இடதுகைக்காரர்களைச் சந்தித்த பழக்கம் குறைவு. டைசன் நேராக உள்ளே வருவார், இடது நேராக வெளியே போகும். மூன்றாவது ரவுண்டு வந்தால் நான் வீட்டுக்குப் போய்விடுவேன்.

#19 ஸ்டேங்கர் அக்கா

இந்த இழையிலேயே நல்ல பதிவு இதுதான். மூச்சு விஷயம் உண்மை. உயரத்தில் இரத்தம் பழகச் சில வாரம் ஆகும். 115 கிலோ தசைக்குக் காற்று கூடுதலாக வேண்டும், கிடைப்பதோ குறைவு. என்னைக் கேட்டால் ஃபியூரியை பிராக்பானுக்குக் கூட்டி வந்து, பத்து நாள் மட்டும் கொடுத்து, மார்சியானோவோடு 15 ரவுண்டு விடுங்கள். மார்சியானோ பயிற்சிக்குப் பேர் போனவர். அப்போது மச்சான் கட்சிக்கு நானும் வருகிறேன்.

#20 பிராய் மாஸ்டர்

அக்கா, அடுத்த ஞாயிறு நம்ம வீட்டுக்கு வாங்க. கறி கருகாது.

#21 ராயபுரத்தான்

ஜோ லூயிஸ் – உசிக் பற்றி யாரும் சரியாகப் பேசவில்லை. 1938ல் ஷ்மெலிங்கோடு ஜோ லூயிஸ் 90 கிலோ. இன்றைய கணக்கில் குரூசர்வெயிட், ஹெவிவெயிட்டுக்குக் கீழ்ப் பிரிவு! உசிக்கும் குரூசரில் எல்லாப் பட்டமும் வாங்கிவிட்டு மேலே வந்தவர். ஆக, இதுதான் நியாயமான ஜோடி. உசிக் காலை எடுத்து வைக்கும் கோணம் ஜோ லூயிஸுக்குத் தொல்லை. கான் மாதிரியே ஓடுவார், ஆனால் கான் செய்த தப்பைச் செய்யமாட்டார். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது நாக் அவுட் தேடிப் போனதுதான் கான் தப்பு. நான் உசிக், புள்ளியில், 12 ரவுண்டு. 15 என்றால் வாய் திறக்கமாட்டேன்.

#22 கணக்குப்பிள்ளை

இனி கூட்சி – சாண்டர்ஸ். தலைப்பில் இருப்பதைவிட எனக்கு இதில்தான் ஆசை.

எந்த ராத்திரி என்று முதலில் முடிவு செய்வோம். கூட்சிக்கு 1983 செப்டம்பர் 23, ஓஹாயோ. டோக்ஸை பத்தாவது ரவுண்டில் சாய்த்து டபிள்யூ.பி.ஏ. பட்டம். ஆப்பிரிக்காவின் முதல் ஹெவிவெயிட் சாம்பியன். சாண்டர்ஸுக்கு ஹனோவர்.

(செப்டம்பர் 23 என்றதும் ஒன்று. மார்சியானோ பட்டம் வென்றதும் அதே தேதி, டன்னி 1926ல் டெம்ப்சியை ஜெயித்ததும் அதே தேதி. சாண்டர்ஸ் 2012ல் பிரிட்ஸ் ஊரில் கொள்ளைக்காரர்கள் சுட்டு இறந்ததும் அதே தேதி. உறவினர் விழாவில் இருந்தவர்.)

#23 பழைய ரீல்

கெரி ஜெயித்த நாளில் எங்கள் தெருவில் சத்தம் கேட்டது. ஆச்சரியமாக இருக்கும் உங்களுக்கு. 1983. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் ஜெயித்தால் நாங்கள் கதவைச் சாத்திக்கொள்வோம். கிரிக்கெட்டோ ரக்பியோ, எதிரணி யாராக இருந்தாலும் எங்கள் கட்சி. ஆனால் கெரி நிறவெறிக்கு எதிராக வாய் திறந்து பேசிய ஆள். 1979ல் பிரிட்டோரியாவின் லாஃப்டஸ் மைதானத்தில் ஜான் டேட்டோடு அவர் மோதியபோது எங்கள் வீட்டில் இரண்டு கட்சி: அப்பா டேட் பக்கம், நான் கெரி பக்கம். டேட் ஜெயித்தார், 15 ரவுண்டு. அப்பா ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையை மடக்கிக் காட்டினார்.

கெரியின் வலது கைக்கு எத்தனையோ ஆபரேஷன். 'பயோனிக் கை' என்றே பேர். அந்தக் கை சரியாக விழுந்தால் சாண்டர்ஸ் எழமாட்டார். இடதுகைக்காரனுக்கு வலது கைதானே மருந்து. ஆனால் முதல் இரண்டு ரவுண்டு கடக்கவேண்டும்.

#24 இடதுகைக்காரன்

தாத்தா, அதைத்தான் நானும் சொல்கிறேன். கடக்கமாட்டார். 1986ல் பிரூனோ கெரியை முதல் ரவுண்டில் முடித்தார்.

#25 பழைய ரீல்

1986 கெரி வேறு, 1983 கெரி வேறு. நீயே சொன்னாயே தம்பி, ராத்திரியைப் பார் என்று.

#26 இடதுகைக்காரன்

மாட்டிக்கொண்டேன்.

#27 யூனிட்3காரன்

1984ல் கூட்சியும் இன்னொரு சாம்பியன் லாரி ஹோம்ஸும் மோதுவதாகப் பேசி, பணம் திரளாமல் நின்றுபோனது. அதுவும் நடக்காத சண்டைதான், ஆனால் ஒப்பந்தம் வரை வந்த நடக்காத சண்டை. ஹோம்ஸின் ஜாபை நினைத்தால் நல்லவேளை என்றும் தோன்றுகிறது. அதற்குப் பதில் டிசம்பரில் சன் சிட்டியில் பேஜோடு போட்டார். எட்டாவது ரவுண்டில் மூன்று நிமிடம் தாண்டியும் மணி அடிக்கவில்லை, அந்த உபரி நேரத்தில் விழுந்தார். கணக்குப்பிள்ளை ஐயா, ரவுண்டு எத்தனை என்பதோடு, ஒரு ரவுண்டுக்கு எத்தனை நிமிடம் என்றும் கேட்கவேண்டியிருக்கிறது.

சரி, ஓட்டு: டர்பன், கடல் மட்டம், 12 ரவுண்டு, மணி ஒழுங்காக அடிக்கும். 1983 கூட்சி எதிர் 2003 சாண்டர்ஸ். நான் கூட்சி, ஏழாவது ரவுண்டு.

#28 ஸ்டேங்கர் அக்கா

சாண்டர்ஸ், முதல் ரவுண்டு. என் கணவர் கூட்சி. இன்று எங்கள் வீட்டில் தனித்தனிச் சமையல்.

#29 கணக்குப்பிள்ளை

கூட்சி, பத்து. 13 இல்லாததால் நிம்மதி.

#30 பிராய் மாஸ்டர்

மார்சியானோ.

#31 பழைய ரீல்

பேத்தி கேட்கிறாள், இவ்வளவு பேசுகிறீர்களே, ஒன்றையாவது சேர்ந்து பார்க்கக் கூடாதா என்று. என்னிடம் ஜோ லூயிஸ் – ஷ்மெலிங் ரீல் இருக்கிறது, 1938. 124 விநாடியில் முடிந்த சண்டை, ரீலை மாட்டவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் வரலாம். பிரிட்டோரியாக்காரர் வருவதானால் முன்பே சொல்லட்டும், படுக்கை போடவேண்டும். வெள்ளை விரிப்பு ஒன்று யாராவது கொண்டுவாருங்கள். எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் பூப்போட்டது, போன தடவை ஷ்மெலிங் ரோஜாப்பூ மேல் விழுந்தார்.